வீடு உங்களோடது... மண்ணு யாரோடது? சுரபாயா சந்துகள் சொல்லும் ரியல் எஸ்டேட் பாடம்!

மாசத்துக்கு 5 கோடி ரூபியா. சம்பளம் இல்லீங்க, வெறும் வீட்டு வாடகைப் படி!

2025 ஆகஸ்ட்டில் இந்தோனேசியாவையே உலுக்கிய போராட்டங்கள் தொடங்கியது இந்த ஒரு நம்பரில்தான். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு மாசம் 5 கோடி ரூபியா வீட்டுப்படி கிடைக்குதுன்னு தெரிஞ்சதும் மாணவர்கள், தொழிலாளர்கள், பைக் டாக்சி ஓட்டுறவங்கன்னு எல்லாரும் தெருவுக்கு வந்தாங்க. நம்ம காசுக்கு அது சுமார் 2.7 லட்சம் ரூபாய்.

அந்தத் தீ தலைநகர் ஜகார்த்தாவோட நிக்கல. நாட்டின் இரண்டாவது பெரிய நகரமான சுரபாயாவில், ஆகஸ்ட் 30 ராத்திரி, கவர்னரின் அரசு மாளிகையான கிரகாடியின் மேற்குப் பகுதி எரிந்தது. கடைசியில் அந்த வீட்டுப்படி ரத்தானது.

இப்போ இன்னொரு நம்பர். 2025-ல் சுரபாயாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் சுமார் 49.6 லட்சம் ரூபியா. கிழக்கு ஜாவா மாகாணத்திலேயே அதுதான் அதிகம். ஆனாலும் எம்.பி-யின் வீட்டுப்படியில் அது பத்தில் ஒரு பங்குதான்.

சரி, அந்தச் சம்பளம் வாங்கும் 25 வயசுப் பையனோ பொண்ணோ, நகரத்துக்கு நடுவில எங்கே குடியிருக்காங்க? பதில், கிரகாடி மாளிகையிலிருந்து பொடிநடையா போகக்கூடிய தூரத்திலேயே இருக்கு. பெரிய ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சின்ன சந்து. சந்தின் முகப்பில் ஒரு வளைவு. அதில் ஏரியா பேரு, சந்து நம்பர். உள்ளே ஒரு முழு ஊர்!

அந்த ஊரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. அங்கே வாழ்றது எப்படி, பணம் போட்டா என்ன ஆகும், யாருக்கு லாபம்... எல்லாத்தையும் பார்த்துடலாம்.

மாலுக்குப் பின்னாடி ஒரு கிராமம்

சுரபாயா, ஜாவா தீவின் வடகிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம். தஞ்சுங் பேராக் அதன் துறைமுகம். மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 28.7 லட்சம். அதில் பெரும்பாலானவங்க வாழ்றது அடுக்குமாடியில் இல்ல, ‘கம்போங்’ என்ற குடியிருப்புகளில்.

கம்போங்னா கிராமம்னு அர்த்தம். ஆனா சுரபாயாவில் அது நகரத்துக்கு நடுவிலேயே இருக்கும். துன்ஜுங்கன் பிளாசான்னு ஒரு பிரமாண்ட மால். 1986-ல் ஆரம்பிச்சு, இப்போ 6 பகுதிகளா வளர்ந்து நிக்குது. அதன் பின்பக்கம் போனா கம்போங் வீடுகள். பக்கத்திலேயே துன்ஜுங்கன் ரோட்டுக் கடைகளுக்குப் பின்னால் ஒளிஞ்ச மாதிரி இருக்கிறது கெத்தாண்டான் கம்போங். ரோட்டில் நடந்துபோறவங்களுக்கு அப்படி ஓர் ஊர் இருக்கிறதே தெரியாது.

இந்தச் சந்துகளுக்கு அங்கே ‘காங்’னு பேரு. பல காங்குகளில் கார் நுழையாது. பைக் நுழையும், ஆனா ஓட்டிக்கிட்டுப் போக முடியாது. ‘இறங்கு, இன்ஜினை ஆஃப் பண்ணு, தள்ளிக்கிட்டு போ’ன்னு முகப்பிலேயே எழுதிப் போட்டிருப்பாங்க. காரணம் சிம்பிள். அந்தச் சந்துதான் குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம், பாட்டிகளுக்குத் திண்ணை, துணி காயப்போடும் இடம், சாயங்கால டீக்கடை... எல்லாமே.

ஜனாதிபதியும் ஒரு காலத்தில் பேயிங் கெஸ்ட்தான்!

கலிமாஸ் ஆற்றை ஒட்டி பெனெலே-ன்னு ஒரு பழைய கம்போங். அதன் 7-வது சந்தில் இப்போ மியூசியமா இருக்கும் ஒரு வீடு, தேசியத் தலைவர் சொக்ரோஅமினோதோ குடியிருந்த வீடு. அவர் குடும்பம் அந்த வீட்டின் அறைகளை மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. 1916-ல் படிக்க சுரபாயாவுக்கு வந்து அங்கே தங்கிய ஒரு பையன், பின்னாளில் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார். அவர்தான் சுகர்னோ.

இன்னும் கேளுங்க. சுகர்னோ 1901-ல் பிறந்த வீடும் பக்கத்தில் பண்டெயான் சந்தில்தான். அந்தச் சின்ன வீட்டையும் நகர நிர்வாகம் வாங்கி மியூசியமா மாத்திடுச்சு.

அறையை வாடகைக்கு விடும் இந்த ஏற்பாட்டுக்கு இந்தோனேசியாவில் ‘கோஸ்’னு பேரு. நம்ம பேயிங் கெஸ்ட் மாதிரி. நூறு வருஷம் தாண்டியும் சுரபாயாவின் உள்நகரப் பொருளாதாரம் கோஸ் மேலதான் ஓடுது. குபெங் பகுதியை எடுத்துக்கோங்க. ஏர்லாங்கா பல்கலைக்கழகம், டாக்டர் சுத்தோமோ அரசு மருத்துவமனை, பெரிய ரயில் நிலையம் எல்லாம் அந்தப் பக்கம்தான். பின்னாடி இருக்கும் சந்துகளில் வீட்டுக்கு வீடு கோஸ் போர்டு. மருத்துவ மாணவர், நர்ஸ், கடை ஊழியர், ஆன்லைன் டெலிவரி பையன்னு எல்லாரும் அங்கேதான்.

வீட்டுக்காரம்மாவை ‘இபு கோஸ்’னு கூப்பிடுவாங்க. இபுன்னா அம்மா. கீழே அவங்க குடும்பம், மேலே நாலஞ்சு அறை. அவங்களுக்கு அதுதான் பென்ஷன், அதுதான் ஃபிக்ஸட் டெபாசிட். ‘முதலீடு’ங்கிற வார்த்தையைச் சொல்லாமலேயே தலைமுறை தலைமுறையா நடந்துட்டிருக்கும் முதலீடு இது.

இடிக்காம சரி பண்ணின கதை

‘நகர நடுவில நெருக்கமான சந்துன்னா சேரிதானே?’ன்னு நீங்க கேட்கலாம். ஒரு காலத்தில் நிலைமை அப்படித்தான். சாக்கடை கிடையாது, மழை வந்தா சேறு, குடிதண்ணி கஷ்டம்.

உலகத்தில் பல நகரங்கள் இதுக்கு ஒரே ஒரு தீர்வுதான் வெச்சிருந்தது. புல்டோசர். மக்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடுறது.

சுரபாயா வேற வழியில் போச்சு. 1960-களின் இறுதியில் ‘கம்போங் மேம்பாட்டுத் திட்டம்’ தொடங்கியது. வீட்டை விட்டுடு, சந்தைச் சரிபண்ணுங்கிறதுதான் ஐடியா. நகர நிர்வாகம் கான்கிரீட் பலகை, சாக்கடைக்கான பொருள் கொடுக்கும். மக்கள் உழைப்பையும் பணத்தையும் போடுவாங்க. பாதை அகலப்படணும்னா தங்கள் வீட்டு முன்பக்கத்தையே உள்ளே இழுத்துக்கிட்டவங்களும் உண்டு. 1970-களில் உலக வங்கிக் கடனும் சேர்ந்தது. துறைமுகப் பக்கம் இருக்கும் கெபாலென் கம்போங்கில் நடந்த வேலைக்கு 1986-ல் ஆகா கான் கட்டடக்கலை விருதுகளில் சிறப்புக் குறிப்பே (ஹானரபிள் மென்ஷன்) கிடைச்சது. இதில் முக்கியப் பங்கு வகித்தவர் அந்த ஊர்க் கட்டடக்கலைப் பேராசிரியர் ஜோஹன் சிலாஸ்.

யோசிச்சுப் பாருங்க. கண்ணாடி மாளிகைகளுக்குப் போற அங்கீகாரம், சாக்கடையும் நடைபாதையும் போட்டதுக்குக் கிடைச்சிருக்கு!

அந்தப் பழக்கம் அப்படியே தொடருது. 2004 வாக்கில் ஜப்பானின் கிட்டாக்யூஷு நகரத்திலிருந்து வந்த தகாகுரா என்ற நிபுணர், சமையலறைக் கழிவை வீட்டுக்குள்ளேயே நாற்றமில்லாம உரமாக்கும் கூடை ஒன்றை இங்கே உருவாக்கினார். கம்போங் பெண்கள் அதை வீடு வீடா கொண்டுபோனாங்க. 2005-லிருந்து சுத்தத்துக்கும் பசுமைக்கும் கம்போங்குகளுக்குள் போட்டி. இன்னிக்கு பல சந்துகளில் சுவரெல்லாம் செடித்தொட்டி. பிளாஸ்டிக்கைக் கொடுத்தா பாஸ்புக்கில் வரவு வைக்கும் ‘குப்பை வங்கி’களும் இருக்கு. 2018-ல் வந்த சுரபாயா சிட்டி பஸ்ஸில் காலி பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தே டிக்கெட் எடுக்கலாம்னு அறிவிச்சது வேற லெவல்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, பின்னாடி வரும் கணக்குக்கு இதுதான் அடிப்படை. இந்த ஏரியாவின் மதிப்பை எந்த பில்டரும் உருவாக்கல. சந்தில் இருக்கிறவங்க 50 வருஷமா கொஞ்சம் கொஞ்சமா உருவாக்கினது.

அங்கே வாழ்ந்தா எப்படி இருக்கும்?

முதலில் நல்லது. வேலை, காலேஜ், மருத்துவமனை எல்லாம் பக்கம். காலையில் காய்கறி வண்டி சந்துக்குள்ளேயே வரும். அவருக்கு ‘மிலிஜோ’ன்னு பேரு. சந்து முனையில் டீ, காபி, ருஜாக் சிங்கூர். மாட்டு மூக்குப்பகுதி இறைச்சியும் காய்கறியும் கருப்பு இறால் விழுதும் சேர்த்த அந்த ஊர் ஸ்பெஷல் அது. 2023-லிருந்து ‘விரா விரி’ங்கிற சின்ன வேன்கள், பெரிய பஸ் போகாத ரோடுகளையும் இணைக்குது.

அடுத்தது, பாதுகாப்பு. ஒவ்வொரு சில பத்து வீடுகளுக்கும் ‘ஆர்.டி’னு ஓர் அமைப்பு, அதுக்கு ஒரு தலைவர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் ஆக்கிரமிப்பின்போது வந்த அக்கம்பக்கக் குழு முறையில் இருந்து வளர்ந்தது இது. வெளியூர் விருந்தாளி ராத்திரி தங்கினா 24 மணி நேரத்துக்குள் சொல்லிடணும்னு போர்டே இருக்கும். தனியா தங்கும் பொண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னா, கதவைத் தட்ட ஆள் இருக்கும்.

பணமும் சந்துக்குள்ளேயே சுத்தும். ‘அரிசான்’னு ஒண்ணு. எல்லாரும் மாசாமாசம் ஒரே தொகை போடுவாங்க. பேர் எழுதிக் குலுக்கி எடுப்பாங்க. யார் பேர் வருதோ மொத்தப் பணமும் அவங்களுக்கு. அட, நம்ம குலுக்குச் சீட்டுதானே! ஆமா, அதேதான். மாடியில் ஓர் அறை எடுக்கணும்னா பலருக்கு அதுதான் முதல் மூலதனம்.

இப்போ கெட்டது. அதே ஆர்.டி போர்டை இன்னொரு கோணத்தில் பாருங்க. உங்களைப் பார்க்க யார் வந்தாங்க, எத்தனை மணிக்குப் போனாங்கன்னு சந்துக்கே தெரியும். பிரைவசின்னு பெருசா ஒண்ணும் கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், அதனால காத்தும் வெளிச்சமும் கம்மி. சுரபாயா வெயில் வேற சும்மா இருக்காது. தீப்பிடிச்சா வண்டி உள்ளே வர முடியாத சந்துகள் நிறைய.

தண்ணி இன்னொரு தலைவலி. கடலோரத் தாழ்வான ஊர். மழைநீரை வெளியேத்த பம்ப் ஸ்டேஷன்களை நம்பித்தான் நகரம் இருக்கு. சந்தை ஒவ்வொரு தடவை உயர்த்திப் போடும்போதும், வசதியுள்ளவர் வீட்டுத் தளத்தையும் உயர்த்திடுவார். முடியாதவர் வீடு சந்துக்குக் கீழே போயிடும். மழை வந்தா தண்ணி எங்கே போகும்னு சொல்லணுமா?

ஆக, ‘அக்கம்பக்கம் கலகலன்னு இருக்கும்’னு ரீல்ஸ்ல பார்த்துட்டு முடிவு பண்ணிடாதீங்க. இந்த வாழ்க்கைக்கு ஒரு விலை உண்டு. அதைப் பணமா கொடுக்காம, இடமாவும் தனிமையாவும் கொடுக்கணும். அவ்ளோதான்.

பச்சை அட்டைப் பத்திரம்

சரி, பணம் போடலாமா? இங்கேதான் கதையின் ட்விஸ்ட்.

ஒரே சந்தில், ஒரே மாதிரி தெரியும் மூணு வீடு. மூணுக்கும் காகிதம் வேற வேறயா இருக்கலாம்.

முதல் வீட்டில் ‘ஹக் மிலிக்’. முழு உரிமை. 1960-ம் வருஷ நிலச் சட்டப்படி இதுதான் உச்சம். கெடு தேதி கிடையாது, பிள்ளைகளுக்குப் போகும், பேங்க்கில் அடமானம் வைக்கலாம். இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான் இது பொதுவா கிடைக்கும்.

இரண்டாவது வீட்டில் ‘கிரிக்’ அல்லது ‘பெட்டோக்’. பழைய காலத்து வரிக் காகிதம். தாத்தா வரி கட்டினார்ங்கிறதுக்கு ஆதாரம், அவ்வளவுதான். சர்டிஃபிகேட் கிடையாது.

2021 பிப்ரவரியில் வந்த அரசு ஒழுங்குமுறை ஒன்று இந்தப் பழைய காகிதங்களுக்கு 5 வருஷம் கெடு வெச்சது. அந்தக் கெடு 2026 பிப்ரவரி. அதுக்கப்புறம் கிரிக் உரிமைக்கான சான்று ஆகாது. பதிவு பண்ணப் போகும்போது ஒரு துப்பு மாதிரி மட்டும் பயன்படும். ‘நிலத்தையே அரசாங்கம் எடுத்துக்கும்’னு பரவின வாட்ஸ்அப் செய்தியில் உண்மையில்லை. ஆனா வாரிசுகள் பத்துப் பேர் பத்து ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு, கையெழுத்து சேர்த்துப் பதிவு பண்றது சாதாரண வேலையா? நமக்குத் தெரியாததா!

மூணாவது வீடுதான் சுரபாயா ஸ்பெஷல். ‘சுராட் இஜோ’. பச்சைக் கடிதம்னு அர்த்தம். அட்டை பச்சை நிறம் என்பதால் அந்தப் பேரு. உள்ளே இருப்பது ‘நிலத்தைப் பயன்படுத்த அனுமதி’ மட்டும்தான். வீடு உங்களோடது. அதுக்குக் கீழே இருக்கும் மண்ணு நகர நிர்வாகத்தோடது.

எப்படி வந்தது இது? டச்சுக்காரங்க காலத்தில், 1906-ல் சுரபாயாவுக்கு நகராட்சி வந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது தனியார் பண்ணை நிலங்களை வாங்கி, மனை போட்டு, குத்தகைக்கு விட்டது. சுதந்திரத்துக்கு அப்புறம் அந்த நிலங்களில் நிறைய இன்றைய நகர நிர்வாகத்தின் கணக்குக்கு வந்துடுச்சு. அதில் குடியிருந்தவங்க, வீடு கட்டினவங்க, பேரன் பேத்தி எடுத்தவங்க எல்லாரும் இன்னும் ‘அனுமதி’ வாங்கிய குடியிருப்பாளர்கள் மட்டும்தான்.

இப்படி 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனைகள் இருக்கு. குபெங், பாராதாஜயா மாதிரி நகரத்தின் நல்ல நல்ல ஏரியாக்களும் இதில் உண்டு. இவங்க நகர நிர்வாகத்துக்கு நிலக் கட்டணம் கட்டணும். அதோட சொத்து வரியும் கட்டணும். ‘நிலம் எங்களோடது இல்லைன்னா சொத்து வரி எதுக்கு? எங்களோடதுன்னா வாடகை எதுக்கு?’ன்னு பல வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. நியாயமான கேள்வி இல்லையா?

நகர நிர்வாகத்தின் பக்கமும் ஒரு வாதம் இருக்கு. அது பொதுச்சொத்து. சும்மா எழுதிக்கொடுத்தா நாளைக்கு ஊழல் வழக்கு வரும். அதனால 2014-ல் ஓர் உள்ளூர்ச் சட்டம் வந்தது. இழப்பீட்டுத் தொகை கட்டினா நிலத்தை விடுவிக்கலாம், ஆனா மதிப்பீடு பண்ணின விலையில். நகர நடுவில் மார்க்கெட் விலைன்னா எவ்வளவுன்னு யோசிங்க. ரிட்டயர் ஆன ஒரு டீச்சர், தான் 40 வருஷமா இருக்கும் மண்ணை வாங்கப் பணத்துக்கு எங்கே போவார்?

அடுத்து மத்திய அரசின் நிலத்துறை ஒரு நடுவழி சொன்னது. நிலம் நகரத்தின் பேரிலேயே இருக்கட்டும், மேலே கட்டட உரிமையை நீண்ட காலத்துக்குத் தர்றோம்னு. 30 வருஷம், பிறகு 20 நீட்டிப்பு, பிறகு 30 புதுப்பிப்பு, ஆக 80 வருஷம். சிலருக்கு இது ஓகே. குடியிருப்போர் அமைப்புகள் பலவும் ஒத்துக்கல. ‘அதை வாங்கினா, நிலம் நகரத்தோடதுதான்னு நாங்களே கையெழுத்து போட்ட மாதிரி ஆயிடும்’ங்கிறது அவங்க பயம்.

இந்தப் பச்சை அட்டையை வெச்சுக்கிட்டு பேங்க் லோன் வாங்குறது கஷ்டம். வீட்டை வித்தா, வாங்கறவர் பேருக்கு அனுமதியை மாத்த நகர நிர்வாகத்தின் சம்மதம் வேணும். அதனால விலையும் குறைச்சல்தான். ஆன்லைன் விளம்பரத்தில் ‘நகர மையம், சூப்பர் சான்ஸ், பாதி விலை’ன்னு ஒரு வீடு வந்தா, அந்த மீதிப் பாதி எங்கே போச்சுன்னு இப்போ புரியுதா?

அழகாகும் ஊர், ஏறும் வரி

இப்போ நடப்புக்கு வருவோம். சுரபாயா தன் பழைய முகத்துக்கு மேக்கப் போட ஆரம்பிச்சிருக்கு. 2021 நவம்பரில் ‘துன்ஜுங்கன் ரொமான்ஸா’ன்னு அந்தப் பழைய கடைவீதி புதுசா விளக்குகளோட வந்தது. 2024-ல் ‘கோட்டா லாமா’ எனும் பழைய நகரப் பகுதி மறுசீரமைப்பு செய்து திறக்கப்பட்டது. மஸ்பாதி மாதிரி கம்போங்குகள் ‘பழங்கால கம்போங் டூர்’ நடத்துறாங்க. பெனெலேயில் பழைய வீடு, பழைய டச்சுக் கல்லறைத் தோட்டம்னு பார்க்க ஆட்கள் வர்றாங்க.

இதில் தப்பே இல்ல. வீட்டுத் திண்ணையில் பலகாரம் விற்கும் அக்காவுக்கு வருமானம். மேல் அறையை கோஸ் விடுறவருக்கு வாடகை. 2022-ல் வந்த வரிச் சட்டம் இன்னொரு உதவியும் செஞ்சது. முன்னாடி 10 அறைக்கு மேல் இருக்கும் கோஸுக்கு ஹோட்டல் வரி இருந்தது. 2024 ஜனவரியிலிருந்து அது இல்லை.

ஆனா மதிப்பு ஏறினா, விற்காம உட்கார்ந்திருக்கிறவருக்கும் செலவு ஏறும். சொத்து வரி, அரசு நிர்ணயிக்கும் மதிப்பை வெச்சுத்தானே போடுறாங்க. இது எவ்வளவு சென்சிட்டிவான விஷயம்னு 2025 ஆகஸ்ட்டிலேயே மத்திய ஜாவாவின் பாத்தி மாவட்டம் காட்டிச்சு. சொத்து வரியை 250% வரை ஏத்தறோம்னு அறிவிச்சதும் மக்கள் பெரிய அளவில் திரண்டாங்க. ஏற்றம் வாபஸ் ஆச்சு.

கையில் முழு உரிமைச் சர்டிஃபிகேட் இருக்கிறவருக்கு விலையேற்றம் ஒரு வாய்ப்பு. விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளையைப் படிக்க வைக்கலாம். பச்சை அட்டைக்காரருக்கு அது பயம். தான் வாங்க வேண்டிய மண்ணின் விலை தன் கண்ணு முன்னாடியே ஏறுது. கோஸில் இருக்கும் 25 வயசுக்காரருக்கோ அடுத்த வருஷ வாடகை.

சந்தைப் பெருக்கினது, செடி வெச்சது, சாக்கடை போட்டது மூணு பேரும்தான். லாபம் மட்டும் காகிதம் பார்த்துப் போகுது. என்னைக் கேட்டா, சுரபாயா செஞ்ச ஒரே தப்பு இதுதான். 50 வருஷத்துக்கு முன்னாடி சந்தைச் சரிபண்ண ஆரம்பிச்ச ஊர், காகிதத்தைச் சரிபண்ணாம தள்ளிப்போட்டுடுச்சு. நிலம் சீப்பா இருந்த காலத்தில் அது சின்ன விஷயம். இப்போ ஒவ்வொரு வருஷமும் தீர்வின் விலை கூடிக்கிட்டே போகுது.

அதே ஊரே ஒரு வழியும் காட்டியிருக்கு. சொம்போன்னு ஒரு இடம். அங்கிருந்த குடிசைப்பகுதி மக்களை வெளியே அனுப்பாம, அதே இடத்தில் அடுக்குமாடி கட்டினாங்க. சந்து மாதிரியே அகலமான நடைக்கூடம், பொதுச் சமையலறைகள். ஜோஹன் சிலாஸ் டிசைன் பண்ணினது. ‘பக்கத்து வீட்டுக்காரரும் சொத்தின் ஒரு பகுதிதான்’னு புரிஞ்சுக்கிட்ட கட்டடம். அந்தப் புரிதல் நிலச் சட்டத்துக்கும் வரணும்ங்கிறதுதான் கேள்வி.

நாம வாங்க முடியுமா?

‘இந்தோனேசியாவில் சீப்பா வீடு வாங்கலாம் ப்ரோ’ன்னு யூடியூப் வீடியோ பார்த்திருப்பீங்க. கம்போங் வீட்டைப் பொறுத்தவரை நேரடியா சொல்லிடறேன். வெளிநாட்டவரால் ‘ஹக் மிலிக்’ வாங்க முடியாது. முறையான விசா, குடியிருப்பு அனுமதி இருக்கிறவருக்கு ‘ஹக் பக்காய்’ங்கிற பயன்பாட்டு உரிமை கிடைக்கும். அதுக்கும் மாகாணவாரியா குறைந்தபட்ச விலை வெச்சிருக்காங்க. சந்து வீடெல்லாம் அந்த விலைப் பட்டியலுக்குள்ளேயே வராது. ஏன்னா அந்த விதியின் நோக்கமே, சாதாரண மக்களின் வீடுகளை வெளிநாட்டுப் பணம் தூக்கிட்டுப் போகக்கூடாதுங்கிறதுதான்.

‘உள்ளூர் நண்பர் பேரில் வாங்கிடலாமே?’ வேண்டாம். அந்த பினாமி ஏற்பாட்டைச் சட்டம் ஏத்துக்காது. நாளைக்குப் பிரச்னைன்னா சட்டப்படி வீடு அந்த நண்பரோடது. நட்பும் போச்சு, பணமும் போச்சு.

வேலைக்கோ படிப்புக்கோ அங்கே போறவங்களுக்கு கோஸ்தான் சரி. உள்ளூர்க்காரர் வாங்கினாலும், வாங்கறவருக்கு உரிமை மாற்று வரி 5%, ஒரு விலக்குத் தொகை போக. விற்கறவருக்கு வருமான வரி 2.5%. பத்திர அலுவலர் கட்டணம் 1% வரை. வாங்கி ஆறு மாசத்தில் விற்று லாபம் பார்க்கிற ஆட்டம் இங்கே செல்லாது.

அப்போ நமக்கு என்ன பாடம்?

எந்த ஊரில், எந்தச் சந்தில் வீடு பார்த்தாலும் சுரபாயா சொல்லித்தரும் இந்த அஞ்சு கேள்வியைக் கேட்டுடுங்க.

ஒண்ணு, வீடு யார் பேரில், மண்ணு யார் பேரில்? ரெண்டும் வேற வேறயா இருக்கலாம்.

ரெண்டு, கையில் இருக்கிறது உரிமைப் பத்திரமா, வரி ரசீதா, அனுமதிக் கடிதமா? வரி கட்டின ரசீது உரிமை ஆகாது.

மூணு, வாரிசுகள் எத்தனை பேர்? எல்லாரும் கையெழுத்து போட்டாச்சா?

நாலு, சந்து மட்டத்துக்கு வீடு மேலேயா, கீழேயா? மழைக்காலத்தில் ஒரு தடவை போய்ப் பாருங்க.

அஞ்சு, இந்த விலை ஏன் கம்மி? காரணம் தெரியுற வரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

ஒவ்வொரு ஆகஸ்ட் 16 ராத்திரியும், சுதந்திர நாளுக்கு முந்தைய நாள், இந்தச் சந்துகளில் பாய் விரிச்சு எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுவாங்க. முழு உரிமைக்காரர், பச்சை அட்டைக்காரர், கோஸில் தங்கியிருக்கும் மாணவர்னு எல்லாரும் ஒரே பாயில். அந்தப் பாயில் யார் கையில் என்ன காகிதம் இருக்குன்னு யாரும் கேட்கிறதில்ல.

விடிஞ்சதும் கேட்கிறது மார்க்கெட்தான். அதுக்குள்ள பதில் எழுதி வெக்க வேண்டியது சுரபாயா நகர நிர்வாகத்தின் பொறுப்பு.